சென்னை டூ டொராண்டோ: எத்தனை கிலோமீட்டர், நிஜமாக எத்தனை மணி நேரம்?

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் விமான தூரம் எவ்வளவு என்று தேடினால் 13,390 கிலோமீட்டர் என்று வரும். பக்கத்திலேயே பயண நேரம் பதினாறே முக்கால் மணி என்றோ பதினேழு மணி என்றோ போட்டிருப்பார்கள். தூரம் சரிதான். நேரத்தை மட்டும் நம்பாதீர்கள், ஏனென்றால் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே எங்கும் இறங்காமல் போகிற விமானமே கிடையாது. தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்தால் என்ன எண் கிடைக்குமோ அதைத்தான் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

என் அக்கா டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். கும்பகோணத்திலிருந்து அம்மாவை இதுவரை மூன்று முறை அவளிடம் அனுப்பியிருக்கிறேன். முதல் தடவை நானும் அந்த எண்ணை நம்பி, "ஒரு ராத்திரி, அரை பகல், அவ்வளவுதான்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அம்மா அதற்குத் தகுந்த மாதிரிதான் மாத்திரையைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டார், மீதியெல்லாம் பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து அக்கா வீட்டு வாசலை மிதிக்கும் வரை கிட்டத்தட்ட நாற்பது மணி நேரம் ஆனது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். சென்னை–டொராண்டோவை வைத்தே சொல்கிறேன், ஆனால் கோயம்புத்தூர்–சிட்னி, கொழும்பு–ஆஸ்லோ என்று எந்த இரண்டு ஊருக்கும் இதே வழிதான்.

தூரம் முதலில்

உலக வரைபடத்தை விரித்து வைத்துச் சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு ஸ்கேலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சவூதி அரேபியா, சகாரா பாலைவனம், அட்லாண்டிக் கடல் என்று மேற்கு நோக்கிப் போகும். அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் ஏறக்குறைய 15,700 கிலோமீட்டர் ஆகும், அதாவது 2,300 கிலோமீட்டர் வீண். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடக்கும் தெற்கும் இழுபட்டுப் பெரிதாகிவிடுவதால்தான் இந்தக் குழப்பம். நிஜமான குறுக்கு வழி உருண்டையின் மேல்தான் தெரியும்.

வீட்டில் பிள்ளைகளின் குளோப் இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சென்னையில் ஒரு முனை, டொராண்டோவில் ஒரு முனை என்று பிடித்து இறுக்கி இழுங்கள். நூல் தானாகவே வடக்கே போய் நிற்கும். டெல்லிப் பக்கமாக ஏறி, ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலை, அதற்கப்புறம் ஆர்க்டிக் கடலோரம், கிரீன்லாந்தின் பனிப்பரப்பு, கனடாவின் கியூபெக் என்று இறங்கி டொராண்டோவை அடையும். நடுவில் ஓர் இடத்தில் 73 டிகிரி வடக்கைத் தாண்டிவிடும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். நூலை எடுத்து அளந்தால் தூரமும் கிடைக்கும்: 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள குளோபில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர், நூல் முப்பத்தொன்றரை சென்டிமீட்டர் வரும், பெருக்கிப் பாருங்கள். கணக்கு வராத பிள்ளைகூட இதைப் புரிந்துகொள்ளும், என் அக்கா மகனுக்கு இப்படித்தான் காட்டினேன்.

துல்லியமாக வேண்டும் என்றால் போன் கால்குலேட்டர் போதும், சைன், கோசைன் பட்டன் தெரிகிற மாதிரி போனைப் படுக்கவைத்துக்கொள்ளுங்கள், கோண அளவு டிகிரியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்னை விமான நிலையம் 13.0 டிகிரி வடக்கு, 80.2 டிகிரி கிழக்கு. டொராண்டோ பியர்சன் 43.7 வடக்கு, 79.6 மேற்கு. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்க ரேகைகளைக் கூட்ட வேண்டும், 159.8 வரும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கழிக்க வேண்டும். இப்போது இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்குங்கள், 0.1554. அதே அட்சரேகைகளின் கோசைன் இரண்டையும் பெருக்கி, அதோடு 159.8-இன் கோசைனையும் பெருக்குங்கள், மைனஸ் 0.6611. இரண்டையும் கூட்டினால் மைனஸ் 0.5057. இந்த எண்ணுக்குத் தலைகீழ் கோசைன் (cos⁻¹ பட்டன்) எடுத்தால் 120.38 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 13,386. இணையத்தில் வரும் 13,390-க்கும் நாம் போட்டதற்கும் நாலு கிலோமீட்டர்தான் வித்தியாசம், அதுவும் தசமப் புள்ளிகளைச் சுருக்கியதால் வந்தது. இவ்வளவும் வேண்டாம் என்றால் கூகுள் மேப்ஸில் ஓர் ஊரை அழுத்திப் பிடித்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் அதுவே சொல்லிவிடும்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஒரே தூரத்தை ஒரு இடத்தில் 13,390 என்றும், இன்னொரு இடத்தில் 8,320 என்றும், வேறொரு இடத்தில் 7,230 என்றும் பார்ப்பீர்கள். மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எந்த அலகு என்று பார்க்காமல் இரண்டு எண்களை ஒப்பிடவே கூடாது. கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு டொராண்டோ இன்னும் கொஞ்சம் தள்ளி, 14,000 கிலோமீட்டரைத் தொட்டுவிடும்.

எந்த ஊர் வழியாகப் போனால் எவ்வளவு கூடும்

நேர் விமானம் இல்லை என்பதால் ஏதாவது ஓர் ஊரில் மாறித்தான் ஆக வேண்டும். மாறுவதால் தூரம் எக்கச்சக்கமாகக் கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,235 கிலோமீட்டர், லண்டனிலிருந்து டொராண்டோ 5,705. மொத்தம் 13,940. நேர்க்கோட்டை விட 550 கிலோமீட்டர்தான் அதிகம். துபாய் வழி என்றால் 2,930-உம் 11,080-உம், மொத்தம் 14,010. அதுவும் 620 கிலோமீட்டர்தான் கூடுதல். டெல்லி வழி இன்னும் வேடிக்கை: சென்னை–டெல்லி 1,760, டெல்லி–டொராண்டோ 11,640, ஆக 13,400. நேர்க்கோட்டோடு ஒப்பிட்டால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வித்தியாசம்! நூல் பிடித்துப் பார்த்தோமே, டெல்லி அந்தப் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே தூரத்தை வைத்து எந்த வழி நல்லது என்று முடிவு செய்வதில் அர்த்தமே இல்லை. 600 கிலோமீட்டர் என்பது விமானத்துக்கு முக்கால் மணி நேரம். ஆனால் ஒரு வழியில் இரண்டரை மணி நேரம் காத்திருப்பு, இன்னொரு வழியில் பதினோரு மணி நேரம் காத்திருப்பு என்று இருக்கும். முடிவு அங்கேதான்.

இன்னொன்று, கணக்கில் குறுக்கு வழியாக இருப்பது வானத்தில் திறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்கள் ரஷ்யாவின் மேலே பறப்பதில்லை. 2025 ஏப்ரல் 24-இல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகிற விமானங்கள் தெற்கே அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டி வந்தது, சில விமானங்கள் எரிபொருளுக்காக நடுவே வியன்னா போன்ற ஊர்களில் இறங்கி ஏறின. அதே ஆண்டு ஜூனில் வளைகுடாவில் பதற்றம் வந்தபோது தோஹா விமான நிலையமே சில மணி நேரம் மூடிக் கிடந்தது. ஆகவே தெரிந்தவர் இரண்டு வருடத்துக்கு முன்னால் எத்தனை மணி நேரத்தில் போனார் என்பது உங்களுக்குப் பயன்படாது. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் என்ன நிலைமை என்று பாருங்கள்.

பறக்கும் நேரத்தை எப்படி மதிப்பிடுவது

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. தூரத்தை 850-ஆல் வகுங்கள், கூடவே 40 நிமிடம் சேருங்கள். பெரிய விமானங்கள் மேலே போனதும் மணிக்கு 900 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்டப் பறக்கின்றன. ஆனால் எந்தப் பாதையும் நூல் பிடித்த மாதிரி இருக்காது என்பதால் 850. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும், ஏறுவதற்கும், இறங்குவதற்கும் அந்த 40 நிமிடம். துபாய்க்கு 2,930-ஐ வகுத்துக் கூட்டினால் நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும், டிக்கெட்டிலும் ஏறக்குறைய அதுதான் இருக்கும். லண்டனுக்குப் பத்து மணி இருபது நிமிடம் வரும், டிக்கெட்டில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருப்பார்கள்.

ஏன் கூடுதல்? காற்று. முப்பதாயிரம், நாற்பதாயிரம் அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள், குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் சாதாரணமாகத் தாண்டும். அதற்கு எதிராகப் போனால் விமானம் தாமதமாகும், அதோடு சேர்ந்து போனால் சீக்கிரம் சேரும். 2020 பிப்ரவரியில் கியாரா புயல் வீசிய இரவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம் அது. நம் வழியில், இங்கிருந்து கனடா போவது மேற்கு நோக்கி, எதிர்க்காற்று. துபாயிலிருந்து டொராண்டோவுக்குச் சுமார் பதினாலு மணி நேரம். திரும்பி வரும்போது பன்னிரண்டே முக்கால், பதிமூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆகவே மேற்கே போகும்போது என் கணக்கில் வரும் நேரத்தோடு கால் மணியிலிருந்து முக்கால் மணி வரை சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் விட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் உங்கள் விமான எண்ணைப் போட்டால் போன வாரம் ஏழு நாளும் அது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்ற விவரம் வரும். டிக்கெட்டில் இருப்பது விமான நிறுவனம் சொல்கிற நேரம், இது நடந்த நேரம். ஏழு நாளில் நாலு நாள் ஒரு மணி நேரம் தாமதமாக இறங்கியிருந்தால், ஒன்றரை மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிக்கிற டிக்கெட்டை எடுக்காதீர்கள். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

"நேரடி விமானம்" என்ற வார்த்தையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே விமான எண், ஆனால் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறும், அதையும் நேரடி என்றே சொல்வார்கள். எங்கும் நிற்காததற்கு நான்-ஸ்டாப் என்று பெயர். டிக்கெட்டில் நிறுத்தங்கள் பூஜ்யம் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

விமானத்தால் அவ்வளவு தூரம் பறக்க முடியாமல்தான் சென்னைக்கு நேர் சேவை இல்லையோ என்று கேட்பார்கள். அப்படி இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்கு மேல், பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் பறந்து போகிறார்கள். விமானம் இருக்கிறது. தினமும் அத்தனை இருக்கையும் நல்ல விலைக்கு நிரம்பும் என்று எந்த நிறுவனமாவது நம்ப வேண்டும். டொராண்டோவில் இத்தனை தமிழர்கள் இருக்கிறார்களே, ஒருநாள் வரும் என்று நான் இன்னும் எதிர்பார்க்கிறேன்.

கடிகாரமும் தேதியும்: இங்கேதான் பெரும்பாலான தவறுகள்

டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். புறப்படுவது சென்னை நேரம், துபாயில் இறங்குவது துபாய் நேரம், டொராண்டோவில் இறங்குவது டொராண்டோ நேரம். ஒன்றிலிருந்து ஒன்றை நேராகக் கழித்தால் தப்பான விடைதான் வரும்.

நான் செய்வது, எல்லாவற்றையும் முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றிவிடுவது. துபாய் நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால். டொராண்டோ மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், நம் ஊரில் அந்த வழக்கம் இல்லை என்பதால் இந்த ஒரு மணி நேரத்தில்தான் பலருக்குக் கணக்கு இடறும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 3:55-க்குச் சென்னையில் புறப்பாடு. துபாயில் காலை 6:35, அதாவது இந்திய நேரம் 8:05. முதல் பறப்பு 4 மணி 10 நிமிடம். துபாயில் 10:20-க்கு அடுத்த விமானம், இந்திய நேரம் 11:50. காத்திருப்பு 3 மணி 45 நிமிடம். டொராண்டோவில் அதே ஞாயிறு மாலை 4:20. ஒன்பதரையைக் கூட்டினால் இந்தியாவில் திங்கள் அதிகாலை 1:50. இரண்டாவது பறப்பு 14 மணி நேரம். மூன்றையும் கூட்டினால் 21 மணி 55 நிமிடம். டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு "காலை 3:55-க்கு ஏறி மாலை 4:20-க்கு இறங்குகிறோம், பன்னிரண்டரை மணி நேரம்தான்" என்று தோன்றும். ஒன்பதரை மணி நேரம் அங்கே ஒளிந்திருக்கிறது. இதே பறப்பு நேரங்களோடு ஜனவரியில் போனால் டொராண்டோ கடிகாரத்தில் 3:20-க்கே இறங்கியிருப்பீர்கள், பயணம் ஒரு நிமிடம்கூடக் குறைந்திருக்காது.

திரும்பி வருவது நேர்மாறு. டொராண்டோவில் ஞாயிறு இரவு 9:50-க்கு ஏறினால் சென்னையில் இறங்குவது செவ்வாய் அதிகாலை 2:45. திங்கட்கிழமை என்று ஒன்று முழுசாக ஆகாயத்திலும் துபாயிலுமாகப் போய்விடும். ஆனால் நிஜத்தில் ஆனது 19 மணி 25 நிமிடம்தான். டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1, +2 என்று இருக்கும், அது எத்தனை தேதி தள்ளிப் போகிறது என்ற குறி. விமான நிலையத்துக்குக் கூப்பிட வரப்போகிறவரிடம் கிழமையையும் தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. சென்னையிலிருந்து வெளிநாடு போகிற விமானங்களில் நிறைய நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் "ஞாயிறு 3:55" என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது சனிக்கிழமை இரவு. என் சித்தப்பா இதில் ஏமாந்தார். ஞாயிறு இரவு உறவுக்காரர்கள் பத்துப் பேரோடு மாலையும் கையுமாகப் போய் நின்றார், விமானம் இருபது மணி நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. படித்தவர், அரசு வேலையில் முப்பது வருடம் இருந்தவர். கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன், நம் பழக்கத்தில் விடியும் வரை முந்தின நாள்தான், பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். டிக்கெட் அப்படி நினைப்பதில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருடைய டிக்கெட் வந்தாலும் அதன் மேல் பேனாவால் "சனி இரவு 11 மணிக்கு மீனம்பாக்கத்தில்" என்று பெரிதாக எழுதிவிடுவேன்.

இடையில் காத்திருக்கும் நேரம்

இரண்டாவது தடவை அம்மா போனபோது விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தேன், நடுவில் ஒன்றேகால் மணி நேரம். முதல் விமானம் ஐம்பது நிமிடம் தாமதம். அடுத்த விமானத்தின் கதவை மூடிவிட்டார்கள். தனித்தனி டிக்கெட் என்பதால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு யாருக்கும் இல்லை. அறுபத்தெட்டு வயதில் அம்மா ஒரு இரும்பு நாற்காலியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார், நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு டிக்கெட் வாங்கினேன். மிச்சப்படுத்தியதைப் போல மூன்று மடங்கு செலவு. பணத்தை விட, அந்த ராத்திரி அம்மா போனில் "நான் எங்கே போய் நிக்கணும்னு கேளுப்பா" என்று கேட்ட குரல்தான் இன்னும் மனசில் இருக்கிறது.

ஆகவே முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக, ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் அடுத்ததில் இடம் கொடுப்பது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் கடைசி ஊருக்கே நேராகப் போய்விடும். தனித்தனியாக எடுத்தால் நடுவில் பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரலாம், அதற்காக அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் கேட்கலாம். விசா விஷயம் நாட்டுக்கு நாடு மாறும், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் சில நாடுகளில் ட்ரான்சிட் விசா தேவைப்படும், ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த நாட்டின் அதிகாரபூர்வ தளத்தில் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? தனியாகப் போகிற இளைஞர் என்றால் இரண்டு மணி நேரம் போதும். வீல்சேர் கேட்டிருக்கும் பெரியவர், கைக்குழந்தையோடு போகும் தாய், முதல் தடவை போகிறவர், இவர்களுக்கு மூன்றிலிருந்து நாலரை மணி நேரம் என்பது என் தீர்மானம். விமான நிலையம் பெரிது, டெர்மினல் மாற ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டியிருக்கும், மறுபடியும் பாதுகாப்புச் சோதனை இருக்கும், கதவை இருபது நிமிடத்துக்கு முன்னாலேயே மூடிவிடுவார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனாலோ முதுகு தாங்காது. பயண நேரம் குறைவானது என்று வரிசைப்படுத்திப் பார்க்கும்போது முதலில் வருகிற டிக்கெட் பெரும்பாலும் ஒன்றேகால், ஒன்றரை மணி நேர இடைவெளி உள்ளதாகத்தான் இருக்கும். அதைத் தாண்டி இரண்டாவது மூன்றாவதைப் பாருங்கள்.

டெல்லி வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: போகும்போது சென்னை–டெல்லி உள்நாட்டுப் பயணம் என்றால் இமிக்ரேஷன் டெல்லியில்தான் நடக்கும், திரும்பும்போதும் அப்படியே. அதற்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

வாசலிலிருந்து வாசல் வரை

இப்போது எல்லாவற்றையும் கூட்டுவோம். மேலே சொன்ன அதே ஜூலை மாதப் பயணம். கும்பகோணத்திலிருந்து மீனம்பாக்கம் காரில் ஆறிலிருந்து ஏழு மணி நேரம், சனிக்கிழமை மாலை போக்குவரத்து என்பதால் ஏழு என்றே வைப்போம். 3:55 விமானத்துக்கு இரவு 12 மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும், வழியில் சாப்பாடு, டயர் பஞ்சர், எதற்கும் இரண்டு மணி நேரம் கையிருப்பு. ஆக பிற்பகல் 3 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். சென்னைக்குள்ளேயே இருப்பவர்களும் மெட்ரோவை நம்பி இருந்துவிட வேண்டாம், நள்ளிரவில் அது ஓடாது, இரவு 10 மணி வாக்கிலேயே போய்விடுவது நல்லது.

டொராண்டோவில் ஞாயிறு மாலை 4:20-க்கு இறங்கினாலும் உடனே வெளியே வர முடியாது. இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, சுங்கம் என்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், 6 மணி என்று வைப்போம். பியர்சன் விமான நிலையம் நகரத்தின் மேற்கே மிசிசாகாவில் இருக்கிறது, ஸ்கார்பரோ கிழக்கே. நடுவில் 401 நெடுஞ்சாலை. கூட்டமில்லாத நேரத்தில் முக்கால் மணி நேரம் போதும், இல்லாவிட்டால் ஒன்றேகால். டவுன்டவுன் போகிறவர்களுக்கு யுபி எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் யூனியன் ஸ்டேஷனில் விட்டுவிடும், ஆனால் இரண்டு பெரிய பெட்டியோடு வரும் அம்மாவுக்குக் காரே சரி. இரவு 7:15-க்கு அக்கா வீடு. அது இந்திய நேரம் திங்கள் அதிகாலை 4:45.

சனி பிற்பகல் 3-இலிருந்து திங்கள் அதிகாலை 4:45 வரை, 37 மணி 45 நிமிடம். அதில் வானத்தில் இருந்தது பதினெட்டு மணி பத்து நிமிடம், அதாவது பாதிக்கும் குறைவு. தூரத்தை வகுத்துச் சொன்ன அந்தப் பதினேழு மணி நேரத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏன் அதை நம்ப வேண்டாம் என்றேன் என்று தெரியும்.

இந்த 38 மணி நேரத்தை வைத்துத்தான் மற்ற ஏற்பாடுகள் எல்லாம். மாத்திரை இரண்டு நாளுக்குக் கைப்பையில் இருக்க வேண்டும், டாக்டர் சீட்டோடு. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் நேரம் மாறுவதை எப்படிச் சமாளிப்பது என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இது ஒவ்வொருவருக்கும் வேறு. சாப்பாடு விமானத்தில் எப்போது தருவார்கள் என்று சொல்ல முடியாது, காய்ந்த பண்டமாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். பதினாலு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்தால் கால் வீங்கும், நடைபாதைப் பக்க இருக்கையாகக் கேட்டு வாங்கி, இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் தூக்கம் ஒரு வாரத்துக்கு ஒழுங்காக வராது, பகலும் இரவும் கிட்டத்தட்டத் தலைகீழாக மாறியிருக்கிறது. முதல் நாலு நாளில் எந்த விசேஷத்துக்கும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது தடவை அம்மா கிளம்பும்போது ஒரு தாளில் இரண்டு வரிசையாக எழுதிக் கொடுத்தேன். இடது பக்கம் அந்த ஊர் நேரம், வலது பக்கம் நம் வீட்டு நேரம், கீழே எந்த வரியில் எந்த மாத்திரை என்று. அம்மா தன் கைக்கடிகாரத்தைக் கும்பகோணம் நேரத்திலேயே விட்டுவிட்டார். துபாயில் இறங்கியதும் தாளைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, "எட்டேகால் ஆச்சு, காலை மாத்திரை போட்டுட்டேன், அடுத்த விமானம் பதினொன்னு அம்பதுக்கு" என்று அவரே போன் செய்து சொன்னார்.